குதிரைக்கு அஞ்சிய குதிரைப்படைத் தளபதி

குதிரை என்றாலே அவருக்கு ஆகாது. சங்கீதம் சொல்லிக் கொடுப்பதுதான் தொழில். கையில் காசு இல்லை. தலைக்கு மேல் கடன். வயதோ 35. அதுவரை போர்க்களத்தைக் கண்ணால் கண்டதில்லை.

இப்படிப்பட்ட ஒருவரைக் குதிரைப்படையில் சேர்த்தார்கள். ஒன்றரை ஆண்டு கழித்து, 1,700 குதிரை வீரர்களை அவரிடம் ஒப்படைத்து, எதிரியின் நாட்டுக்குள்ளே அனுப்பினார்கள். நாலாபுறமும் எதிரிகள். உதவிக்கு வர ஒருவரும் இல்லை. அந்த நாட்டை ஒரு முனையில் இருந்து மறுமுனை வரை ஊடுருவி, 16 நாட்களில் 600 மைல் கடந்து, அவர் வெளியே வந்தார்.

அவர்தான் பெஞ்சமின் கிரியர்சன். அமெரிக்க உள்நாட்டுப் போரில் பெயர் பெற்ற தளபதி.

உதைத்த குதிரை

கிரியர்சன் 1826-ம் ஆண்டு ஜூலை 8-ந் தேதி பிட்ஸ்பர்க் நகரில் பிறந்தார். பெற்றோர் அயர்லாந்தில் இருந்து பிழைக்க வந்தவர்கள். சிறு வயதிலேயே குடும்பம் ஒகையோ மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தது.

எட்டு வயதில் அந்த விபத்து நடந்தது. ஒரு குதிரை எகிறி, சிறுவனின் முகத்தில் உதைத்துவிட்டது. பிழைப்பானா என்பதே சந்தேகமாக இருந்தது. கொஞ்ச காலம் கண் தெரியாமல் கிடந்தான். பிறகு பார்வை வந்தது. ஆனால், முகத்தில் விழுந்த தழும்பு மறையவில்லை. பெரியவர் ஆனதும் அடர்ந்த தாடி வளர்த்து அதை மறைத்துக்கொண்டார். மனதில் விழுந்த பயத்தை மறைக்கத் தாடி ஏது? குதிரைகளிடம் அவருக்கு ஏற்பட்ட வெறுப்பு வெகுகாலம் நீடித்தது.

பையனுக்குச் சங்கீதத்தில்தான் ஆசை. பல வாத்தியங்களை வாசிப்பான். 13 வயதிலேயே ஊர் பாண்டு கோஷ்டிக்குத் தலைவன் ஆகிவிட்டான். வாலிபன் ஆனதும் இல்லினாய் மாநிலத்தில் ஜாக்சன்வில் என்ற ஊருக்கு வந்து, சங்கீத வாத்தியார் ஆனார். 1854-ல் ஆலிஸ் கிர்க் என்ற பெண்ணை மணந்தார். ஆலிஸ் பள்ளி ஆசிரியை. கணக்காகக் குடும்பம் நடத்தத் தெரிந்தவள்.

கடனாளி

சங்கீத வருமானம் குடும்பத்துக்குப் போதவில்லை. கிரியர்சன் ஒரு கூட்டாளியுடன் சேர்ந்து மெரிடோசியா என்ற சிற்றூரில் கடை வைத்தார். நல்ல மனிதர் கடை வைத்தால் என்ன ஆகும்? கேட்டவர்களுக்கு எல்லாம் கடன் கொடுத்தார். கொடுத்தது திரும்பவில்லை. கடை மூழ்கியது. மனைவி மக்களுடன் பெற்றோர் வீட்டுக்கே திரும்பினார்.

அந்த நேரத்தில் நாடே இரண்டாகப் பிளந்துகொண்டிருந்தது. தென் மாநிலங்களில் லட்சக்கணக்கான கறுப்பர்கள் அடிமைகளாக இருந்தார்கள். ஆடுமாடுகளைப் போல அவர்களை விற்றார்கள், வாங்கினார்கள். அடிமை முறை பரவக்கூடாது என்றவர் ஆபிரகாம் லிங்கன். அவர் 1860-ல் ஜனாதிபதி தேர்தலில் வென்றதும், தென் மாநிலங்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து தனி நாடு என்று அறிவித்தன. 1861 ஏப்ரலில் போர் மூண்டது.

கிரியர்சன் லிங்கனின் கட்சிக்காரர். அடிமை முறையை வெறுத்தவர். உடனே போய்ச் சேர்ந்தார். முதலில் ஒரு தளபதிக்கு உதவியாளராகச் சம்பளம் இல்லாமல் வேலை பார்த்தார். பிறகு உத்தரவு வந்தது. இல்லினாய் 6-வது குதிரைப்படையில் மேஜர் பதவி!

கிரியர்சன் திடுக்கிட்டார். காலாட்படையில் போடும்படி கேட்டுக்கொண்டார். பலிக்கவில்லை. சம்பளம் வந்தால்தான் கடனை அடைக்கலாம். விதியை நொந்தபடி குதிரைமேல் ஏறினார்.

ஏறிய பிறகு அவர் அரைகுறையாக நிற்கவில்லை. போர்ப் பயிற்சிப் புத்தகங்களை இரவில் உட்கார்ந்து படிப்பார். காலையில் அதையே வீரர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார். வாத்தியார் அல்லவா! சிப்பாய்களை அவர் அதட்டுவது இல்லை. அவர்களுடைய சாப்பாடு, துணிமணி, குதிரைத் தீனி எல்லாவற்றையும் நேரில் கவனிப்பார். 1862 ஏப்ரலில் கர்னல் பதவி காலியானபோது, பட்டாளத்து அதிகாரிகளே அவரைத் தலைவராக்கும்படி கேட்டார்கள். சங்கீத வாத்தியார் கர்னல் ஆனார்.

அசையாத கோட்டை

1863-ம் ஆண்டு பிறந்தது. போரின் முடிச்சு ஓர் ஊரில் விழுந்து கிடந்தது. அந்த ஊர் விக்ஸ்பர்க்.

மிசிசிப்பி என்பது ஒரு பெரிய ஆறு. அதன் கிழக்குக் கரையில் உள்ள ஒரு மாநிலத்துக்கும் அதே பெயர். அந்த மாநிலத்தில், ஆற்றை ஒட்டி உயர்ந்து நிற்கும் மேட்டின் மேல் விக்ஸ்பர்க் இருந்தது. தெற்குப் படையின் பீரங்கிகள் அங்கிருந்து ஆற்றைக் காவல் காத்தன. வடக்குப் படையின் தளபதி கிராண்ட், மேற்குக் கரையில் தவித்துக்கொண்டிருந்தார். ஆற்றைக் கடந்து கிழக்குக் கரையில் கால் வைத்துவிட்டால் போதும். ஆனால், இறங்கும் இடத்தில் எதிரி படையோடு வந்து நின்றுவிட்டால் அத்தனை பேரும் ஆற்றிலேயே அழிய வேண்டியதுதான்.

ஆகவே, எதிரியின் பார்வையை வேறு பக்கம் திருப்ப வேண்டும். விக்ஸ்பர்க்கில் இருந்த தெற்குத் தளபதி பெம்பர்ட்டன் ஆற்றைப் பார்க்காமல் முதுகுப்புறம் பார்க்கும்படி செய்ய வேண்டும். விக்ஸ்பர்க்குக்கு ஆயுதமும் உணவும் கொண்டுவரும் ரெயில் பாதையும் அந்தப் பக்கம்தான் இருந்தது. சுமார் 100 மைல் கிழக்கே, நியூட்டன் என்ற சின்னஞ்சிறு ஸ்டேஷன். அதை அழிக்க வேண்டும்.

யார் போவது? கிராண்ட் கிரியர்சனைத் தேர்ந்தெடுத்தார்.

விடுமுறையில் வீட்டுக்குப் போயிருந்த கிரியர்சனுக்கு அழைப்பு வந்தது. அவசரமாகத் திரும்பினார். டென்னசி மாநிலத்தில் லா கிரேஞ்ச் என்ற ஊரில் படை தயாராக இருந்தது. இல்லினாய் 6-வது படை, 7-வது படை, அயோவா 2-வது படை என்று மூன்று குதிரைப்படைகள். கூடவே சில சிறு பீரங்கிகள். மொத்தம் 1,700 பேர்.

ஏப்ரல் 17-ந் தேதி விடியற்காலையில் புறப்பட்டார்கள். ஒவ்வொரு வீரனுக்கும் ஐந்து நாள் உணவு. அதைப் பத்து நாளைக்கு வைத்துக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு. எங்கே போகிறோம் என்பது சிப்பாய்களுக்குத் தெரியாது. கிரியர்சனின் சட்டைப்பைக்குள் ஒரு சிறிய வரைபடம், திசை காட்டும் கருவி, இவற்றோடு ஒரு மோர்சிங். சங்கீதம் அவரை விடவில்லை.

கொயினாப் பட்டாளம்

ஆயிரத்து எழுநூறு குதிரைகள் மண் சாலையில் போனால் தடம் மறையுமா? மழை வேறு பெய்தது. சேற்றில் குளம்படிகள் அச்சுப் பதித்தது போல விழுந்தன. அதைப் பார்த்துக்கொண்டே எதிரி பின்தொடரலாம்.

கிரியர்சன் யோசித்தார். தடத்தை மறைக்க முடியாது. ஆனால், தடத்தைப் பொய் சொல்ல வைக்கலாம்!

நான்காம் நாள், பொழுது விடிவதற்கு முன்பே, காய்ச்சல்காரர்கள், நொண்டிக் குதிரைக்காரர்கள், களைத்துப் போனவர்கள் என்று 175 பேரைப் பொறுக்கி எடுத்தார். ஒரு மேஜரின் தலைமையில் அவர்களை வந்த வழியே திருப்பி அனுப்பினார். நான்கு நான்கு பேராக அணிவகுத்துப் போக வேண்டும். பழைய தடத்தின் மேல் புதுத் தடம் விழ வேண்டும். பார்ப்பவர்கள், வந்த படை முழுவதும் திரும்பிவிட்டது என்று நினைக்க வேண்டும். இந்தக் கோஷ்டிக்கு வீரர்கள் வைத்த பெயர் கொயினாப் பட்டாளம். கொயினா காய்ச்சல் மருந்து ஆயிற்றே!

மறுநாள் இன்னும் பெரிய ஏமாற்று. அயோவா படையின் கர்னல் ஹாட்ச்சை, சுமார் 500 பேருடன் கிழக்கே பிரிந்து போகச் சொன்னார். அவர்களில் ஒரு பகுதியினர் கிரியர்சனின் பின்னால் சில மைல் வந்து, பிறகு திரும்பிப் போனார்கள். அவர்களிடம் ஒரே ஒரு பீரங்கி. அதைச் சாலையில் நாலு இடங்களில் திருப்பித் திருப்பி ஓட்டினார்கள். சேற்றில் சக்கரத் தடம் நாலு பீரங்கி போனது போல விழுந்தது.

பின்னால் துரத்தி வந்த தெற்குப் படையினர் அந்த இடத்தில் நின்று தடத்தைக் கூர்ந்து பார்த்தார்கள். எல்லோரும் திரும்பிவிட்டார்கள் என்று முடிவு கட்டினார்கள். ஹாட்ச்சைத் துரத்திக்கொண்டு ஓடினார்கள். ஹாட்ச் சண்டை போட்டபடியே அவர்களை வடக்கே இழுத்துக்கொண்டு போய், பத்திரமாக லா கிரேஞ்ச் சேர்ந்தார்.

கிரியர்சனிடம் மீதி இருந்தவர்கள் சுமார் 950 பேர். அவர்கள் தெற்கே போய்க்கொண்டிருந்தார்கள்.

மாறுவேடம்

படைக்கு முன்னால் எப்போதும் சிலர் போனார்கள். அவர்களைப் பார்த்தால் வடக்குச் சிப்பாய் என்று சொல்ல முடியாது. தெற்கத்தியரின் பழுப்புச் சட்டை, கந்தல் தொப்பி, கையில் நாட்டுத் துப்பாக்கி. இந்த ஒற்றர் கோஷ்டிக்குத் தலைவர் சார்ஜண்ட் ரிச்சர்ட் சர்பி. வழியில் கண்டவர்களிடம் தெற்கத்திய பாணியில் பேச்சுக் கொடுத்து, எந்தப் பாலத்தில் காவல் இருக்கிறது, எங்கே உணவு இருக்கிறது என்று தெரிந்துகொண்டு வருவார்கள். அடிமைகளான கறுப்பர்களிடம் வேடம் தேவைப்படவில்லை. அவர்களே ஆபத்தைப் பாராமல் வழி காட்டினார்கள்.

இது விளையாட்டு அல்ல. எதிரியின் உடையில் பிடிபட்டால் போர்க் கைதி என்ற மரியாதை கிடையாது. உளவாளி என்று சொல்லித் தூக்கில் போட்டுவிடுவார்கள். சர்பிக்கும் அவருடைய ஆட்களுக்கும் அது தெரியும். தெரிந்துதான் போனார்கள்.

வழியெல்லாம் வெள்ளக்காடு. சதுப்பு நிலங்களில் குதிரையின் வயிறு வரை தண்ணீர். பல குதிரைகள் மூழ்கிச் செத்தன. குதிரையை இழந்தவர்கள் சேணத்தைத் தோளில் சுமந்துகொண்டு நடந்தார்கள், அடுத்த பண்ணையில் வேறு குதிரை கிடைக்கும் வரை.

நியூட்டன் ஸ்டேஷன்

ஏப்ரல் 24-ந் தேதி காலை. நியூட்டன் ஸ்டேஷனுக்கு முதலில் போய்ச் சேர்ந்தவர் லெப்டினன்ட் கர்னல் பிளாக்பர்ன். துணிச்சல்காரர். ஒற்றர் கோஷ்டி என்ற யோசனையே அவருடையதுதான்.

ரெயில் வருவதாகத் தெரிந்தது. வீரர்கள் கட்டிடங்களுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்கள். ஊரில் யாரோ வந்திருக்கிற சுவடே இல்லை. ரெயில் வந்து நின்றது. டிரைவர் திரும்பிப் பார்ப்பதற்குள் என்ஜின்மேல் நீலச் சட்டைக்காரர்கள் தாவி ஏறிவிட்டார்கள். இன்னொரு ரெயிலும் வந்தது. அதற்கும் அதே கதிதான். மொத்தம் 38 பெட்டிகள் கைக்கு வந்தன. குண்டு, மருந்து, உணவு என்று விக்ஸ்பர்க்குக்கு வேண்டிய சரக்குகள் அவற்றில் இருந்தன.

பெட்டிகளை ஊருக்கு ஒதுக்குப்புறமாகத் தள்ளி நெருப்பு வைத்தார்கள். பீரங்கிக் குண்டுகள் படபடவென்று வெடித்தன. பின்னால் வந்துகொண்டிருந்த கிரியர்சன் சத்தத்தைக் கேட்டார். பிளாக்பர்ன் சண்டையில் மாட்டிக்கொண்டார் என்று நினைத்துக் குதிரையைப் பறக்கவிட்டார். வந்து பார்த்தால் சண்டையும் இல்லை, ஒன்றும் இல்லை. புகைதான்.

பிறகு ரெயில் பாதையை அழித்தார்கள். தண்டவாளங்களைப் பெயர்த்து, மரக் கட்டைகளை அடுக்கித் தீ மூட்டி, அதன்மேல் போட்டுச் சிவக்கக் காய்ச்சினார்கள். சிவந்த இரும்பு வளைந்துவிடும். பிறகு யாரும் அதைப் பயன்படுத்த முடியாது. தந்திக் கம்பிகளையும் மைல் கணக்கில் அறுத்தார்கள். என்ஜின்களை வெடிவைத்துத் தகர்த்தார்கள். அங்கே ஓர் ஆஸ்பத்திரி இருந்தது. அதை யாரும் தொடவில்லை. பிடிபட்ட 75 பேரிடம், இனிப் போரிடுவதில்லை என்று எழுதி வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார்கள்.

பகல் 11 மணிக்கெல்லாம் புறப்பட்டாயிற்று. வந்த காரியம் முடிந்தது. ஆனால், உயிரோடு திரும்ப வேண்டுமே!

கிழவர்களின் துப்பாக்கி

திரும்பி வடக்கே போக முடியாது. அந்த வழி முழுவதும் எதிரிகள் விழித்துக்கொண்டிருப்பார்கள். கிரியர்சன் தென்மேற்காகத் திரும்பினார்.

அன்று மாலை கார்லண்ட்வில் என்ற ஊரில் வேட்டைத் துப்பாக்கியோடு சில முதியவர்கள் எதிர்த்து நின்றார்கள். சுட்டார்கள். ஒரு வீரனுக்குக் காயம். படை பாய்ந்து அவர்களைப் பிடித்துவிட்டது. வேறு தளபதியாக இருந்தால் ஊரே எரிந்திருக்கும். கிரியர்சன் துப்பாக்கிகளை வாங்கிக்கொண்டு, தம் ஆட்கள் கொள்ளை அடிக்க வரவில்லை என்று எடுத்துச் சொல்லி விட்டுவிட்டார். கிழவர்கள் வெட்கப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் வழிகாட்டவே கூட வந்தார்.

இதற்கிடையே, தந்திக் கம்பியை அறுக்கப் போன சாமுவேல் நெல்சன் என்ற ஒற்றன், எதிரிக் குதிரைப்படையின் எதிரிலேயே மாட்டிக்கொண்டான். தெற்கத்திய வேடம் கைகொடுத்தது. வடக்குப் படை எங்கே என்று கேட்டார்கள். கிழக்கே போய்விட்டது என்று நெல்சன் கூசாமல் கையைக் காட்டினான். படை முழுவதும் கிழக்கே திரும்பியது. நெல்சன் வந்து சேர்ந்து, நடந்ததைச் சொன்னான். அந்தப் படை மட்டும் நேரே வந்திருந்தால், களைத்துத் தூங்கிக்கொண்டிருந்த கிரியர்சனின் ஆட்களை வளைத்திருக்கும்.

காணாமல் போன 35 பேர்

மூன்று நாட்களுக்கு முன்பு, கேப்டன் ஹென்றி போர்ப்ஸ் என்பவரை 35 பேருடன் கிழக்கே மேக்கன் என்ற ஊருக்கு அனுப்பியிருந்தார் கிரியர்சன். எதிரியைக் குழப்புவதற்காக. அவர்கள் திரும்பவில்லை. செத்துவிட்டார்கள் அல்லது பிடிபட்டுவிட்டார்கள் என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

அவர்கள் சாகவில்லை. படையைத் தேடிக்கொண்டு போனபோது, எண்டர்பிரைஸ் என்ற ஊரில் ஏராளமான எதிரிகளிடம் மாட்டிக்கொண்டார்கள். போர்ப்ஸ் என்ன செய்தார் தெரியுமா? ஒரு வெள்ளைத் துணியை ஆட்டிக்கொண்டு போய், கிரியர்சனின் பெயரால் ஊரையே சரண் அடையச் சொன்னார்! எதிரித் தளபதி யோசிக்க ஒரு மணி நேரம் கேட்டார். அந்த ஒரு மணி நேரத்தில் 35 பேரும் காற்றாய்ப் பறந்துவிட்டார்கள்.

பிறகு இரவு பகலாகக் கிரியர்சனின் தடத்தைத் தொடர்ந்தார்கள். வழியில் ஆறு குறுக்கிடும் இடமெல்லாம் பாலம் எரிந்து கிடந்தது. எரித்தது அவர்களுடைய சொந்தப் படைதான்! ஏப்ரல் 27-ந் தேதி, மூன்று பேர் மட்டும் குதிரையை விரட்டிக்கொண்டு முன்னால் போனார்கள். கிரியர்சனின் ஆட்கள் அடுத்த பாலத்துக்கு நெருப்பு வைக்கும் நேரம். சரியாகப் போய்த் தடுத்துவிட்டார்கள். காணாமல் போனவர்கள் திரும்பியதும் படையே ஆர்ப்பரித்தது.

அந்த மூவரில் ஒருவன் கேப்டனின் தம்பி ஸ்டீபன். வயது 18. பிற்காலத்தில் அவர் பூச்சிகளையும் மீன்களையும் ஆராய்ந்து, அமெரிக்காவின் பெரிய விஞ்ஞானிகளில் ஒருவர் ஆனார்.

பொய்த் தந்தி

எதிரே பேர்ல் ஆறு. வெள்ளம். ஒரே ஒரு ஓடம், அதுவும் அக்கரையில். 7-வது படையின் கர்னல் பிரின்ஸ், தெற்கத்தியன் போலக் குரல் கொடுத்தார். ஓடம் தானாக வந்து சேர்ந்தது. ஒரு தடவைக்கு 24 குதிரைகள்தான் ஏற்ற முடியும். மணிக்கணக்காக அக்கரையும் இக்கரையும் போய் வந்தார்கள்.

அடுத்த ஊர் ஹேஸல்ஹர்ஸ்ட். ஒற்றர்கள் இருவர் சாவகாசமாகத் தந்தி ஆபீசுக்குள் நுழைந்தார்கள். பெம்பர்ட்டனுக்கு ஒரு தந்தி கொடுத்தார்கள். வடக்குப் படை ஆற்றங்கரைக்கு வந்தது, ஓடம் இல்லாததால் கடக்க முடியாமல் வடகிழக்கே போய்விட்டது என்று அதில் எழுதியிருந்தது. தந்தி குமாஸ்தா அதை அப்படியே அடித்தார்!

இதற்குள் பெம்பர்ட்டன் நிம்மதி இழந்துவிட்டார். எந்த ஊரில் இருந்து எந்தச் செய்தி வந்தாலும் அங்கே ஒரு படையை அனுப்பினார். ஆற்றங்கரையைக் காவல் காத்த குதிரைப்படையைக்கூடக் கிரியர்சனைப் பிடிக்க ஏவினார். அந்தப் படையின் தலைவர் விர்ட் ஆடம்ஸ். அவர் மேற்கே போகும் சாலையில் பதுங்கிக் காத்திருந்தார். சர்பியின் ஆட்கள் இருட்டில் ஆடம்ஸின் வீரர்களோடு கலந்து பேசி இதைத் தெரிந்துகொண்டார்கள். கிரியர்சன் சிலரை அந்தச் சாலையில் போவது போலப் போக்குக் காட்டச் செய்து, படையோடு கிழக்கே திரும்பி புரூக்ஹேவன் என்ற ஊருக்குப் போய்விட்டார்.

புரூக்ஹேவனில் ஒரு வேடிக்கை. பிடிபட்டவர்களிடம், இனிப் போரிடுவதில்லை என்று எழுதி வாங்கிக்கொண்டு சீட்டுக் கொடுத்தார்கள் அல்லவா? அந்தச் சீட்டு இருந்தால் பட்டாளத்துக்குப் போக வேண்டியது இல்லை. செய்தி பரவியதும், பிடிபடாதவர்கள்கூட ஓடி வந்து சீட்டுக் கேட்டார்கள். 200 பேருக்கு மேல் வாங்கிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் ஏப்ரல் 30. கிராண்டின் படை மிசிசிப்பி ஆற்றைக் கடந்து புரூயின்ஸ்பர்க் என்ற இடத்தில் இறங்கியது. தடுக்க அங்கே ஒருவரும் இல்லை.

பாலத்தில் விழுந்தவர்

கிராண்டோடு போய்ச் சேரலாம் என்றுதான் கிரியர்சன் முதலில் நினைத்தார். ஆனால், அவர் இறங்கிய செய்தி கிடைக்கவில்லை. ஆகவே தெற்கே, வடக்குப் படையின் கையில் இருந்த பேட்டன் ரூஜ் நகரை நோக்கிப் புறப்பட்டார்.

மே 1-ந் தேதி டிக்பா ஆற்றுப் பாலத்தில் எதிரிகள் பதுங்கி இருந்தார்கள். பிளாக்பர்ன் பொறுக்கவில்லை. சர்பியையும் சில ஒற்றர்களையும் அழைத்துக்கொண்டு, பின்னால் படை வருவதற்குள் பாலத்தின்மேல் பாய்ந்தார். எதிரே துப்பாக்கிகள் சீறின. பிளாக்பர்ன் குதிரையோடு விழுந்தார். சர்பியின் தொடையில் குண்டு.

கிரியர்சன் பீரங்கிகளைக் கொண்டுவந்து எதிரிகளை விரட்டினார். பாலம் கிடைத்தது. ஆனால், விழுந்தவர்களை என்ன செய்வது? பிளாக்பர்னைக் குதிரைமேல் ஏற்ற முடியாது. நின்று பார்த்துக்கொள்ள நேரமும் இல்லை. ஒரு மணி நேரம் தாமதித்தால் ஆயிரம் பேர் சிக்கிக்கொள்வார்கள். காயம் பட்டவர்களைப் பக்கத்தில் இருந்த பண்ணை வீட்டில் விட்டுவிட்டுப் போக முடிவு செய்தார். படையின் டாக்டர் யூல், எதிரியிடம் கைதி ஆவோம் என்று தெரிந்தே அவர்களோடு தங்கிவிட்டார்.

புறப்படும் முன் ஒரு காரியம் செய்தார்கள். சர்பியின் பழுப்புச் சட்டையைக் கழற்றி, வடக்குப் படையின் நீலச் சட்டையை மாட்டினார்கள். அந்தச் சட்டைதான் அவரைத் தூக்குக் கயிற்றில் இருந்து காப்பாற்றியது. அவர் போர்க் கைதியாகப் பிடிபட்டு, பிறகு விடுதலையாகி, இந்தப் பயணத்தைப் பற்றிப் புத்தகமே எழுதினார். பிளாக்பர்ன் பிழைக்கவில்லை. அந்த மாதத்திலேயே இறந்தார்.

தூங்கிக்கொண்டே வந்த படை

அன்று இரவு அமைட் ஆறு. அதன் பாலத்தையும் எதிரி அடைத்துவிட்டால் தப்ப வழி இல்லை. நள்ளிரவில் போய்ச் சேர்ந்தார்கள். காவல் இல்லை! நிலா வெளிச்சத்தில் 900 குதிரைகள் பாலத்தைத் தாண்டின.

கடைசி 28 மணி நேரத்தில் 76 மைல். மனிதனுக்கும் சாப்பாடு இல்லை, குதிரைக்கும் தீனி இல்லை. இதற்கு நடுவே நாலு இடங்களில் மோதல். வீரர்கள் சேணத்தில் உட்கார்ந்தபடியே தூங்கினார்கள். குதிரைகள் தாமாக நடந்தன. அதிகாரிகள் பக்கத்தில் வந்து, சாய்கிறவர்களைப் பிடித்து நிமிர்த்திக்கொண்டே இருந்தார்கள்.

பேட்டன் ரூஜுக்குச் சில மைல் தூரத்தில், மே 2-ந் தேதி, ஒரு பண்ணையில் நின்றார்கள். அத்தனை பேரும் தரையில் சாய்ந்து உறங்கிவிட்டார்கள். யாராவது விழித்திருக்க வேண்டும். கிரியர்சன் பண்ணை வீட்டுக்குள் போனார். அங்கே ஒரு பியானோ இருந்தது. தூக்கம் வராமல் இருக்க, உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கிவிட்டார்.

அந்த நேரத்தில், தூங்கிக்கொண்டே போன ஒரு சிப்பாய், வண்டிமாடு போல, பேட்டன் ரூஜ் காவல் வரைக்கும் குதிரையில் போய்விட்டான். அங்கிருந்தவர்கள் அவன் சொன்னதை நம்பவில்லை. வடக்கே அத்தனை தூரத்தில் இருந்து ஒரு படை வருவதாவது! சூழ்ச்சி என்று நினைத்து, ஒரு கேப்டனைப் பார்த்து வர அனுப்பினார்கள். கிரியர்சன் தனியாக நடந்து போய் அவரைச் சந்தித்தார்.

மாலையில் நகருக்குள் ஊர்வலம். சேறும் தூசியும் படிந்த உடை, எலும்பும் தோலுமான குதிரைகள். பின்னால், வழியெங்கும் வந்து ஒட்டிக்கொண்ட கறுப்பர்கள் குடும்பம் குடும்பமாகக் கழுதையிலும் வண்டியிலும் வந்தார்கள். நகரம் திரண்டு ஆரவாரம் செய்தது. வீரர்களுக்கு ஒன்றும் காதில் விழவில்லை. ஒரு தோப்புக்குப் போனார்கள். வந்த சாப்பாட்டைக்கூடப் பாராமல் படுத்துத் தூங்கினார்கள்.

அவர்கள் அழித்த ரெயில் பாதையும் தந்திக் கம்பியும் 50 மைலுக்கு மேல். பிடித்து விட்ட கைதிகள் 500 பேர். இழந்தது, 3 பேர் சாவு. 7 பேருக்குக் காயம். நோயால் வழியில் விடப்பட்டவர்களும் காணாமல் போனவர்களும் சேர்ந்து 14 பேர்.

இரண்டு மாதத்தில், ஜூலை 4-ந் தேதி, விக்ஸ்பர்க் கிராண்டிடம் சரண் அடைந்தது. கிரியர்சனின் படம் பத்திரிகை அட்டையில் வெளிவந்தது. ஜெனரல் பதவியும் கிடைத்தது.

கறுப்பு வீரர்களின் கர்னல்

மறு ஆண்டு பிரைஸ் கிராஸ்ரோட்ஸ் என்ற இடத்தில் அவர் சேர்ந்திருந்த படை தோற்றதும் உண்டு. ஆனால், 1863-ன் பெயர் மங்கவில்லை. போர் 1865-ல் முடிந்தது. சங்கீத வாத்தியார் வீட்டுக்குத் திரும்பவில்லை. 1866-ல் அரசாங்கம் கறுப்பர்களைக் கொண்டு 10-வது குதிரைப்படையை அமைத்தது. கறுப்பர் படைக்குத் தலைமை ஏற்பதைப் பல வெள்ளை அதிகாரிகள் கவுரவக் குறைவாகக் கருதிய காலம் அது. கிரியர்சன் ஏற்றுக்கொண்டார்.

அதற்கு விலை கொடுத்தார். முதல் முகாமிலேயே அவருடைய வீரர்களை ஈரச் சதுப்பில் தங்க வைத்தார்கள். கிரியர்சன் மேலதிகாரியோடு சண்டை போட்டார். ஒதுக்குப்புறமான கோட்டைகளும் நல்ல பெயர் இல்லாத வேலைகளும்தான் அவருக்கு வந்தன. ராணுவக் கல்லூரியில் தேறிய முதல் கறுப்பர் ஹென்றி பிளிப்பர் அவருடைய படையில்தான் அதிகாரியாக இருந்தார். 1881-ல் பிளிப்பரை ராணுவ கோர்ட்டு விசாரித்தபோது, கிரியர்சன் அவருக்கு ஆதரவாக எழுதினார். அப்படியும் பிளிப்பரை வேலையில் இருந்து நீக்கினார்கள்.

24 ஆண்டுகள் அவர் அதே படையில் கர்னலாக இருந்தார். அவருக்குப் பின் வந்தவர்கள் முந்திப் போனார்கள். ஆலிஸ் 1888-ல் காலமானாள். 1890 ஏப்ரலில்தான் நிரந்தர ராணுவத்தில் ஜெனரல் பதவி கொடுத்தார்கள். மூன்றே மாதத்தில், ஜூலை 8-ந் தேதி, 64 வயது நிறைந்த அன்று ஓய்வு பெற்றார்.

1911-ம் ஆண்டு ஆகஸ்டு 31-ந் தேதி, மிச்சிகன் மாநிலத்தில் ஒமினா என்ற ஊரில் கிரியர்சன் இறந்தார். ஜாக்சன்வில்லுக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். 1959-ல் அவருடைய பயணத்தைத் தழுவி ஹாலிவுட்டில் ஒரு சினிமா எடுத்தார்கள். ஜான் வேய்ன் நடித்தார். அதில் கதாநாயகன் சங்கீத வாத்தியார் அல்ல, ரெயில்வே என்ஜினீயர்.